கட்டுமரம்: ஒரு திருத்தம்

நம் தமிழ்த்துறை 2008ஆம் ஆண்டு வெளியிட்ட மலரில் 'உலகுக்குத் தமிழன் தந்த கலம்' என்னும் கட்டுரை ஒன்றை எழுதியிருந்தேன். பணியில் சேர்ந்த புதிது. மேடைத் தமிழின்மீது தீராத காதல் கொண்டிருந்த காலம். ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என்று வழங்கும் சொல் நம் 'கட்டுமரம்' என்பதன் திரிபு என்றும், ஆதலின் இன்று உலகக் கடல்களில் ஓடும் இரட்டை ஓடப் பாய்க்கலங்கள் யாவும் நம் மீனவரின் கட்டுமரம் ஈன்ற பிள்ளைகளே என்றும் அதில் முழங்கியிருந்தேன். பெரியவர்கள் சிலர் பாராட்டினார்கள். கட்டுரையின் முற்பாதி மெய், பிற்பாதி பிழை. அப்பிழையை இத்தனை ஆண்டு கழித்து அதே துறையின் மலரில் திருத்திக்கொள்ள முன்வந்திருக்கிறேன். அதற்கு ஒரு கடனும் காரணம்.

கடனை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டு இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தேன். திமில், அம்பி, புணை, தோணி, வங்கம், நாவாய் என்று சங்கத் தமிழர் வழங்கிய கலப்பெயர்களை அடுக்கிவிட்டு, நாட்காட்டி ஒன்றிலிருந்து வெட்டிவைத்திருந்த வண்ணப்படத்தை உயர்த்திக் காட்டினேன். இரண்டு வெண்ணிற ஓடங்கள், அவற்றை இணைக்கும் மேடை, நடுவில் ஓங்கி நிற்கும் பாய். "இதுவே நம் கட்டுமரம், மேனாட்டார் மெருகு பூசியிருக்கிறார்கள், அவ்வளவே" என்றேன்.

கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த மீனவர் குடும்பத்துப் பிள்ளை. "ஐயா, இது எங்கள் மரம் இல்லை. இதற்கு நடுவில் இடைவெளி இருக்கிறது. எங்கள் மரத்தில் இடைவெளியே கிடையாது. இவ்வளவு அகலத்துக்கு மரம் கட்டினால்..." என்று தொடங்கினான். அவனை முடிக்க விடவில்லை. "வலை வீசத் தெரிந்தவரெல்லாம் மொழிநூல் பேச வந்துவிட்டால் எங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அமர்ந்துவிட்டான்.

அந்த இரண்டாம் வாக்கியத்தை அவன் எப்படி முடித்திருப்பான் என்று அறியப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

2023 டிசம்பரில் பருவ விடுமுறைக்கு மலேசியா சென்றிருந்தேன். என் லாத்தா பினாங்கில் வாழ்கிறார். பினாங்கும் எங்கள் கடற்கரை ஊர்களும் கொண்ட உறவு பழையது. அதனை ஈண்டு விரிக்கவில்லை. அம்மாணவன் லங்காவித் தீவில் வேலை பார்ப்பதாக அவனுடன் படித்த ஒருவர் சொல்லியிருந்தார். தொலைபேசியில் அழைத்தேன். "ஐயாவா! கட்டாயம் வாருங்கள்" என்றான். கோலா கெடாவிலிருந்து விசைப்படகு ஏறி லங்காவி சேர்ந்தேன்.

பந்தாய் செனாங் கடற்கரையில், சுற்றுலாப் பயணிகளுக்குப் பாய்ப்படகோட்டக் கற்றுக்கொடுப்பது அவன் பணி. கடல் மனிதனைக் கடல் விடவில்லை என்று எண்ணிக்கொண்டேன். மணலில் வரிசையாக இரட்டை ஓடங்கள் நின்றன. என் நாட்காட்டிப் படத்தின் குட்டிகள்! ஹோபி 16 என்பது அவற்றின் பெயர். அலைச்சறுக்குப் பலகை செய்து பெயர்பெற்ற கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர் 1970ஐ ஒட்டி உருவாக்கிய வகை, உலகெங்கும் பரவியது. நீளம் 5.04 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை ஏறத்தாழ 145 கிலோ. அகலம் ஏன் இப்படிக் குறிப்பாக நிற்கிறது என்று கேட்டேன். "எட்டடிக்குள் அடங்கினால்தான் வண்டியில் ஏற்றிச் சாலையில் இழுத்துப்போக முடியும் ஐயா. கடல் மட்டும் அகலத்தைத் தீர்மானிப்பதில்லை, சாலையும் தீர்மானிக்கிறது" என்றான். 1967இல் ஆங்கிலேயரான ராட்னி மார்ச் வடிவமைத்த டொர்னேடோ என்னும் கலம் 6.1 மீட்டர் நீளமும் அதில் சரிபாதி அகலமும் உடையது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியது. அதனை அப்படியே சாலையில் கொண்டுபோக இயலாது. பக்கவாட்டில் சாய்த்தோ, பிரித்தோதான் கொண்டுபோக வேண்டும்.

அன்று மாலை அவன் எனக்கு ஆசிரியனானான். நானோ கணக்கைக் கண்டு தமிழுக்கு ஓடிவந்தவன். அவன் சொன்ன முறையால் எனக்கே விளங்கிற்று.

ஓடும் பேருந்தில் பிடிமானமின்றி நிற்பவர் என்ன செய்கிறார்? கால்களை அகற்றி ஊன்றுகிறார். வண்டி வளைவில் திரும்பினாலும் பக்கவாட்டில் விழுவதில்லை. இரட்டை ஓடமும் அப்படித்தான். ஒற்றை ஓடமுள்ள பெரிய பாய்க்கலம் அடியில் ஈயமோ இரும்போ சுமந்து அந்த எடையால் நிமிர்ந்து நிற்கும். இரட்டை ஓடத்திற்கு அச்சுமை வேண்டியதில்லை. அகலமே அதன் நங்கூரம். பாயில் மோதும் காற்று கலத்தைச் சாய்க்க முயல்கையில், கலத்தின் எடை எதிர்ப்புறம் இழுக்கிறது. எடையை ஓடங்களுக்கு இடைப்பட்ட தொலைவின் பாதியால் பெருக்கினால் அந்த எதிர்ப்பின் அளவு கிடைக்கும். ஆகவே அகலம் இருமடங்கானால் எதிர்ப்பும் இருமடங்காகும்.

"அப்படியானால் இருமடங்கு காற்றைத் தாங்குமா?" என்றேன். அவன் சிரித்தான். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று 30 ஆனால் விசை நான்கு மடங்காகிவிடும். அகலத்தை இரட்டித்தவன் பெறுவது 1.4 மடங்கு காற்றைத் தாங்கும் திறன் மட்டுமே. கடலில் எதுவும் கேட்ட விலைக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் சொன்னான், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். ஹோபி 16இன் 145 கிலோவை அரையகலத்தால், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவால் பெருக்கினால் கலம் தானே தரும் எதிர்ப்பு 160 என்று வைத்துக்கொள்ளலாம். காற்று வரும் பக்கத்து விளிம்பில் எழுபது கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்தால், அவர்களது 140 கிலோ, எதிர்ப்புறத்து ஓடத்திலிருந்து ஏறத்தாழ 2.3 மீட்டர் தள்ளி அமைகிறது. அவர்கள் தரும் எதிர்ப்பு 320ஐத் தாண்டும். கலம் தன்னை நிமிர்த்திக்கொள்வதைப்போல் இருமடங்கு, அதிலிருக்கும் மனிதர் அதனை நிமிர்த்துகிறார்கள். "எங்கப்பா மரத்திலும் இதே கதைதான் ஐயா. மரம் பாதி, ஆள் பாதி" என்றான்.

மறுநாள் காலை கடலில் இறங்கினோம். தீவின் மலைகளைக் கடந்து வாடை வீசிக்கொண்டிருந்தது. மலையிடுக்கு வழியே வரும் காற்று சீராக வராது. ஓய்ந்து ஓய்ந்து, திடீரென்று தள்ளும். தாமான் கயிற்றை அவன் கையில் வைத்திருந்தான். பாயின் கீழ்முனையை இழுத்தும் விட்டும் ஆளும் அக்கயிற்றை அவன் அந்நிய நாட்டிலும் நம் கடற்கரைப் பெயராலேயே அழைத்தது எனக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது! நான் உயிர்காப்பு உடை அணிந்து, இரு ஓடங்களுக்கும் நடுவே இறுக்கிக் கட்டிய துணிமேடையின் விளிம்பில் அமர்ந்திருந்தேன். கரை விலகியது. சாய்வே இல்லை. ஒரு குவளைத் தேநீரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது என்று தோன்றியது.

திரும்புவதுதான் வேதனை. காற்றுக்கு எதிரே கலத்தின் முகத்தைச் சுழற்றி மறுபக்கம் கொண்டுவர முயன்றபோது, பாதி வழியில் நின்றுவிட்டது. பாய் படபடத்தது. கலம் மெல்லப் பின்னோக்கி நகரலாயிற்று. அவன் முன்பாயை எதிர்ப்புறம் பிடித்துவைத்து, சுக்கானைத் தலைகீழாகத் திருப்பி, ஒருவாறு மறுபக்கம் கொண்டுசேர்த்தான். இதுவும் அகலத்தின் விலையே. ஒற்றை ஓடம் தன் நடுவில் ஊன்றிச் சுழலும். கனமும் இருப்பதால் வந்த வேகம் திருப்பத்தை முடித்துவைக்கும். இரட்டை ஓடத்திலோ தொலைவில் நிற்கும் இரண்டு உடல்களை ஒருசேர நீரில் சுழற்றவேண்டும், எடையோ குறைவு, வேகம் உடனே செத்துவிடும். ஓடங்களை நெருக்கி வைத்தால் திருப்பம் எளிதாகும். ஆனால் காற்றைத் தாங்காது. இரண்டிலிருந்தும் எழும் அலைகள் நடுவில் மோதிக்கொண்டு வேகத்தையும் தின்னும். அகற்றி வைத்தால் இணைக்கும் குறுக்குத் தண்டுகள் முறுக்குண்ணும். அவற்றை வலுவாக்க எடை கூடும். அகலமான கலம் அலையின் சரிவையெல்லாம் அப்படியே பின்பற்றுவதால், அசைவு மெல்லிய தாலாட்டாக இராது; வெடுக்கென்று உதறும். எனக்குக் குமட்டியதற்கு அதுவே காரணம் என்று அவன் ஆறுதல் கூறினான்.

அதன்பின் கலம் வேகம் பிடித்தது. நான் பக்கவாட்டில் கவிழ்வதைப் பற்றியே அஞ்சிக்கொண்டிருந்தேன். ஓடும் அழகைப் பார்க்கும் ஆசையில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து அணியத்தின் அருகே போய்விட்டேன். "ஐயா, பின்னால் வாருங்கள்" என்றான். "ஏன் தம்பி, சாயவில்லையே?" என்றேன். "ஐயா, பின்னால்!" என்று இரண்டாம் முறை கத்தினான். காரணம் கேட்காமல் அசைவது எனக்கு வழக்கமில்லை. ஆசிரியரல்லவா!

மலையிடுக்கிலிருந்து ஒரு தள்ளு. காற்றுக்கு மறுபக்கத்து ஓடத்தின் அணியம் அலைக்குள் புகுந்தது. கலம் பட்டென்று நின்றது; பாய்மரத்தின் உச்சி நிற்கவில்லை. பின்புறம் வானில் எழுந்தது. நான் பாய்மரத்தைச் சுற்றிக் கவண்கல்லைப்போல் வீசப்பட்டுக் கடலில் விழுந்தேன். வாயில் உப்பும் கலிமாவும் ஒன்றாக வந்தன.

கால்களை அகற்றி நிற்பவர் வளைவில் விழமாட்டார். ஓட்டுநர் தடையை அழுத்தினால் முன்னால் விழுவார். பக்கவாட்டில் தள்ள முடியாத காற்று வேறுவழி தேடுகிறது. அகலம் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு, முன்மூக்குக் குத்திக் கவிழும் இடர் முந்திக்கொள்கிறது. அதனால்தான் அகலம் நீளத்தின் பாதியை ஒட்டியே பெரும்பாலும் நிற்கிறது; குடும்பத்தோடு கடலில் வாழ்வோர் வைத்திருக்கும் பன்னிரண்டு மீட்டர்க் கலங்களும் ஆறேழு மீட்டர் அகலமே கொண்டவை.

இரட்டை ஓடத்திற்கு மற்றொரு குணமும் உண்டு. காற்று வரும் பக்கத்து ஓடம் நீரைவிட்டு எழும் அந்தக் கணத்தில்தான் அதன் எதிர்ப்பு உச்சம். பத்துப் பாகை அளவுச் சாய்விலேயே அது வந்துவிடும். அதற்குமேல் சாயச் சாய எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். அடியில் ஈயம் சுமக்கும் கலம் அப்படியன்று. மேலும் சாய்ந்தாலும் மேலும் எதிர்க்கும், விழுந்தாலும் பெரும்பாலும் எழும். இரட்டை ஓடம் நிமிர்ந்து நிற்பதில் எவ்வளவு உறுதியோ, தலைகீழாகக் கிடப்பதிலும் அவ்வளவு உறுதி. பசிபிக் மாகடலில் ஹவாய் மக்கள் தம் முன்னோர் முறையில் 1975இல் கட்டிய ஹோக்குலேயா என்னும் இரட்டை ஓடம், கருவிகள் எவையுமின்றி விண்மீன்களையும் அலைகளையும் நோக்கி 1976இல் தாகித்தி வரை சென்றது. அதே கலம் 1978 மார்ச்சில் ஒரு பக்கத்து ஓடத்தில் நீர் புகுந்து கவிழ்ந்தது. அதனை நிமிர்த்த இயலவில்லை. உதவி கொணர்வதாகச் சொல்லி அலைச்சறுக்குப் பலகையில் புறப்பட்ட எடி ஐகாவு திரும்பவே இல்லை. ஏனையோர் மீட்கப்பட்டார்கள். அவர்கள் பிறவி மாலுமிகள்.

நாங்கள் கரையோரத்தில் இருந்தோம், சிறிய கலம். அவன் நீந்தி வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "ஐயாவுக்கு அடி ஏதும் உண்டா?" என்று மூன்று முறை கேட்டான். இருவரும் கீழே கிடந்த ஓடத்தின்மேல் ஏறி நின்று, மேல் ஓடத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பற்றி உடல்களைப் பின்னே சாய்த்தோம். ஒருவர் எடைக்கு அது எழாது. தொலைவிலிருந்து மீட்பு விசைப்படகு வந்துகொண்டிருந்தது. அதற்குள் பாய் நீரை உதறி மெல்ல எழுந்து, கலம் தொப்பென்று நிமிர்ந்தது. என் பருமன் ஒருநாள் பயன்பட்டது.

கரையில் ஈரத்தோடு அமர்ந்திருக்கையில் கேட்டேன்: "தம்பி, 2009இல் வகுப்பில் நீ ஒன்று சொல்ல வந்தாய். நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா."

"நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவன் நெடுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "அதற்கப்புறம் நான் வகுப்பில் எழுந்து எதுவுமே கேட்டதில்லை ஐயா. மூன்றாமாண்டு முழுக்க" என்றான். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்பு அந்த வாக்கியத்தை முடித்தான். அவ்வளவு அகலத்துக்கு மரம் கட்டினால் கரையுடைக்கும் அலையை ஊடுருவ முடியாது. அலை குறுக்கே திருப்பிவிடும் என்பதே அவன் சொல்ல வந்தது. கட்டுமரம் மரத்தோடு மரம் நெருக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவை. கடல் அதன்மேல் ஏறும், இடுக்குகள் வழியே வடியும். உள்ளே நீர் நிறைந்து மூழ்க அதற்கு 'உள்' என்பதே இல்லை. கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். நூஹ் நபியின் கலத்தைப் பலகைகளும் ஆணிகளும் கொண்டதெனத் திருமறை சுட்டும். எங்கள் பக்கத்துக் கட்டுமரத்திலோ ஆணி ஏறாது, கயிறுதான். அவன் தந்தை கரையோரத் தொழிலுக்குக் குறைந்த மரங்களோடும், பாய்விரித்துத் தொலைவு செல்கையில் பக்கத்தில் மேலும் மரம் சேர்த்தும் கட்டுவாராம். அகலத்தை அன்றன்றைக்குக் கூட்டிக் குறைக்கும் கலம்! ஹோபி ஆல்டருக்கும் வாய்க்காத வசதி.

இனித் திருத்தத்திற்கு வருகிறேன். வில்லியம் டேம்பியர் என்னும் ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இம்மிதவைகள் வழங்கும் பெயராக இச்சொல்லைப் பதிவு செய்தார். சொல் நம்முடையது, ஐயமில்லை. ஆயின் அதற்கு முன்பே 1660களில் சர் வில்லியம் பெட்டி அயர்லாந்தில் இரட்டை ஓடக் கலங்களைக் கட்டி ஓட்டிவிட்டார். அவருக்கு நம் சொல் துணையன்று. பசிபிக் தீவினரோ அதற்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே இரட்டை ஓடங்களில் பெருங்கடல் கடந்தவர்கள். ஆங்கிலத்திற்குப் போன நம் சொல் அங்கே பலவற்றுக்குப் பெயராக அலைந்தது. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களின்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிமிதவைகளையும் அப்பெயராலேயே அழைத்தார்கள். 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை ஓடத்தைக் கட்டிப் போட்டியில் முந்தினார். முறையான கலமன்று என்று பின்னர் அதனை விலக்கிவிட்டார்கள். அத்தகைய கலங்களுக்கே நம் சொல் இறுதியில் நிலைத்தது. தத்துப் பிள்ளைக்கு வைத்த பெயரைக் கொண்டு குருதி உறவு கொண்டாடியிருக்கிறேன். மொழிநூல் கற்றவன் செய்யத்தகாத பிழை அது.

கலத்தின் மரபை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு நான் பெருமை பேசிய அதே ஆண்டுகளில்தான் நம் கரைகளில் கட்டுமரம் மறைந்துகொண்டிருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. அம்மாணவனின் தந்தையும் அத்தகைய படகிற்கு மாறிவிட்டார். மரங்களை விற்றாயிற்று. எம் முன்னோரும் கடலோடிகள்தாம். மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துச் சொல்வாருண்டு. என் பாட்டனாருக்குப் பின் எங்கள் வீட்டில் கயிற்றைத் தொட்டவர் இல்லை. ஆகவே தாமான் என்ற சொல்லை அகராதியில் கண்டு மகிழ்ந்த எனக்கு, அது கையை அறுக்கும் கயிறு என்பது லங்காவியில்தான் தெரிந்தது.

விடைபெறும்போது அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: "உன் தந்தையார் மரத்தின் ஒவ்வோர் உறுப்பையும், கட்டின் ஒவ்வொரு முறையையும் என்ன பெயரால் அழைப்பார் என்று கேட்டு எழுதி அனுப்பு. உன் பெயரிலேயே துறையில் வைப்போம்." விடுமுறையில் ஊர் வந்தவன் தந்தையோடு அமர்ந்து இரண்டு தாள் எழுதி அனுப்பியிருந்தான். காற்றுகளின் பெயர்கள், நீரோட்டங்களின் பெயர்கள், மரங்களின் பெயர்கள். இறுதியில், மரங்களை இணைக்கும் ஒரு முடிச்சின் பெயரை எழுதி, எதிரே பொருள் எழுதாமல் விட்டிருந்தான். கேட்டதற்கு, "அப்பா சொல்லமாட்டேன் என்கிறார் ஐயா. அது சொன்னால் விளங்காதாம். ஆள் நேரில் வந்தால் கட்டிக் காட்டுகிறேன் என்கிறார்" என்றான்.

வரும் கோடை விடுமுறையில் போகிறேன். இரண்டு மரத்துண்டுகளும் ஒரு பாகம் கயிறும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.